தாய்மொழியில் வான நூல் சொன்ன நார்ளீகர்

மராட்டி விஞ்ஞானப் பரிஷத் என்னும் சங்கம் 1966-ஆம் ஆண்டில் பம்பாயில் தோன்றியது. விஞ்ஞானத்தை மராட்டி மொழியிலேயே மக்களிடம் கொண்டு சேர்ப்பது அதன் நோக்கம். இச்சங்கம் 1974-ஆம் ஆண்டில் விஞ்ஞானச் சிறுகதைப் போட்டி ஒன்றை நடத்திற்று. வந்த கதைகளுள் ஒன்றின் பெயர் ‘கிருஷ்ண விவரம்’. அனுப்பியவர் பெயர் நாராயண் விநாயக் ஜகதாப். அப்பெயருடைய எழுத்தாளர் ஒருவரை மராட்டி நாடு அதுவரை கேள்விப்பட்டதில்லை. கேள்விப்பட்டிருக்கவும் இயலாது, அப்படி ஒருவர் இருந்ததே இல்லை. கதைக்கு முதற்பரிசு கிடைத்தது. பின்னரே உண்மை வெளிப்பட்டது. நா. வி. ஜ. என்ற முதலெழுத்துகளைத் திருப்பி வைத்துப் பாருங்கள், ஜ. வி. நா. என்று வரும். ஜயந்த விஷ்ணு நார்ளீகர் என்னும் வான நூல் அறிஞரே அந்த ஜகதாப்!

அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு. பத்தாண்டுகளுக்கு முன்பே உலகப் பத்திரிகைகள் அவருடைய பெயரை அச்சிட்டிருந்தன. தம் பெயரைக் கண்டு மயங்கிப் பரிசு கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே அவர் புனைபெயர் பூண்டார். கையெழுத்தையும் எவரேனும் கண்டுகொள்ளலாம் என்று அஞ்சி, கணித அறிஞரான தம் மனைவியார் மங்களாவைக் கொண்டு கதையைப் படியெடுத்து அனுப்பினார். அகமதாபாத்தில் நடந்த ஒரு கருத்தரங்கில், சலிப்பூட்டிய ஒரு சொற்பொழிவின்போது கையிலிருந்த தாளில் அக்கதையை எழுதத் தொடங்கினார் என்று சொல்வர். வகுப்பில் ஆசிரியர் பேசும்போது வேறு ஏதேனும் எழுதிக்கொண்டிருக்கும் மாணவர்கள் இதை ஒரு சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம்!

நார்ளீகர் 1938-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 19-ஆம் நாள் கோலாப்பூரில் பிறந்தார். வளர்ந்தது காசி மாநகரில். தந்தையார் விஷ்ணு வாசுதேவ நார்ளீகர் கேம்பிரிட்ஜில் பயின்றவர். பண்டித மதன மோகன மாளவியாவின் அழைப்பை ஏற்றுக் காசி இந்துப் பல்கலைக் கழகத்தில் கணிதத் துறைத் தலைவராக விளங்கியவர். ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கையில் ஆராய்ச்சி செய்ய மாணவர்களைப் பயிற்றியவர். தாயார் சுமதி வடமொழிப் புலமை உடையவர். வீட்டில் மராட்டி, தெருவில் இந்தி, தாயார் வாயில் வடமொழி, தந்தையாரின் நூலறையில் ஆங்கிலம் என்று நான்கு மொழிகளின் நடுவே அச்சிறுவர் வளர்ந்தார். பிற்காலத்தில் விஞ்ஞானத்துக்குச் சொல் தேட நேர்ந்தபோது இவ்வளர்ப்பு கைகொடுத்தது என்று கருதலாம்.

அவ்வீட்டில் ஒரு கரும்பலகை இருந்தது. தாயாரின் தம்பியார் மோரேசுவர் ஹுசூர்பசார் அங்கே தங்கிப் படித்துவந்தார். அவர் அப்பலகையில் ஒரு கணக்கை எழுதி, இது ஜ. வி. நா.வுக்கு ஒரு சவால் என்று தலைப்பிட்டு வைத்துவிடுவார். விடை காணும் வரையில் கணக்கு அழியாது. சிறுவர் அதைக் கண்டும் காணாமல் பலகையைக் கடந்து போக முடியாது. விடை கண்டுவிட்டாலோ மறுகணக்கு வரும். கணிதத்தில் வேட்கை பிறப்பதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் வேண்டுமா?

காசியில் 1957-இல் பட்டம் பெற்று, அவ்வாண்டே கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே கணிதத் தேர்வில் 1959-இல் முதல்வராகத் தேறினார். ‘ராங்க்ளர்’ என்னும் கேம்பிரிட்ஜ்ப் பட்டத்துக்கு மராட்டியரிடையே தனி மதிப்பு உண்டு. 1899-இல் ரகுநாத பராஞ்சபே முதல் ராங்க்ளராகத் தேறியதிலிருந்து வந்த மதிப்பு அது. ஆதலின் இச்செய்தி தாயகத்தில் பெருமகிழ்ச்சியுடன் வரவேற்கப்பட்டது.

அடுத்து அவர் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தது ஃபிரெட் ஹாயிலிடம். இந்த ஆசிரியரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்; ஏனெனில் மாணவரின் பிற்கால வாழ்வின் இரு பாதைகளும் ஆசிரியரிடமிருந்தே தொடங்குகின்றன. பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது என்பது 1920-களின் முடிவில் தெளிவாயிற்று. அப்படியானால் முற்காலத்தில் அது மிகச் சுருங்கியிருந்து, ஒரு கணத்தில் வெடித்துக் கிளம்பியிருக்க வேண்டும் என்றனர் சிலர். ஹாயில், பாண்டி, கோல்ட் ஆகிய மூவரும் 1948-இல் இதை மறுத்தனர். பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் இல்லை. அது விரிய விரியப் புதிய பருப்பொருள் சிறிது சிறிதாகத் தோன்றி இடைவெளியை நிரப்புகிறது. ஆகவே எக்காலத்திலும் அதன் தோற்றம் ஒரே தன்மையாய் இருக்கும் என்பது அவர்கள் கொள்கை. இதற்கு நிலைத்த நிலைக் கொள்கை என்று பெயர். ஹாயில் 1949-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பிரிட்டிஷ் வானொலியில் ஆற்றிய ஒரு சொற்பொழிவில் மாற்றார் கொள்கையைப் ‘பெரு வெடிப்பு’ என்று குறிப்பிட்டார். அக்கொள்கையை ஏற்காதவர் இட்ட பெயரே அதற்கு நிலைத்துவிட்டது! வானொலியில் பேசிய ஒரு சொல் விஞ்ஞான வரலாற்றில் நுழைந்த கதை இது. அதே ஹாயில் 1957-இல் ‘கருமேகம்’ என்ற விஞ்ஞான நாவலையும் வெளியிட்டார். கதை எழுதுவது ஒரு வான நூல் பேராசிரியருக்குத் தகாத தொழில் அன்று என்பதை நார்ளீகர் தம் ஆசிரியரின் மேசையிலேயே கண்டார்.

ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து 1964-இல் புதியதொரு ஈர்ப்புக் கொள்கையை வெளியிட்டனர். ஓடும் வண்டி திடீரென நின்றால் நாம் முன்னே சாய்கிறோம் அல்லவா? பொருள்களுக்கு உள்ள இப்பண்பைச் சடத்துவம் என்பர். இது அப்பொருளுக்கு இயல்பாகவே அமைந்ததா? அல்லது எங்கோ தொலைவில் உள்ள விண்மீன்கள் அனைத்தும் சேர்ந்து அதற்கு அளித்ததா? பின்னதே உண்மை என்று மாக் என்னும் ஆஸ்திரிய அறிஞர் கருதினார். அக்கருத்தைக் கணிதமாக வடித்ததே ஹாயில்–நார்ளீகர் கொள்கை. பத்திரிகைகள் அதனை உலகெங்கும் பரப்பின. இந்திய அரசு 1965-இல் இருபத்தாறு வயது இளைஞருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. அவ்வாண்டு அவர் இந்தியா வந்தபோது சொற்பொழிவு மண்டபங்கள் நிரம்பி வழிந்தன. வந்தவர்களில் எத்தனை பேருக்குச் சொற்பொழிவு விளங்கியிருக்கும்? மக்கள் விஞ்ஞானியைக் காண ஆவலுடன் வருகின்றனர். அவர்களுக்குக் கொடுத்தனுப்பத் தக்க எளிய மொழிதான் அந்நாளில் இல்லை.

அவர் 1972-இல் கேம்பிரிட்ஜை விட்டுத் தாயகம் திரும்பினார். பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் பேராசிரியரானார். இரண்டே ஆண்டுகளில் ஜகதாப் பிறந்தார்.

‘கிருஷ்ண விவரம்’ என்ற தலைப்பைச் சற்று நோக்குவோம். விவரம் என்றால் வடமொழியில் குழி, பிளவு என்று பொருள். கிருஷ்ணம் என்பது கறுப்பு. தன் ஈர்ப்பாற்றலால் ஒளியையும் வெளிவிடாத விண்பொருளை நாம் கருந்துளை என்கிறோம். மராட்டி வாசகர் அதைக் கிருஷ்ண விவரம் என்று படிக்கும்போது அஞ்சி ஒதுங்குவதில்லை. அவருக்குப் பழகிய இரு சொற்கள் புதிதாகக் கைகோத்து நிற்கின்றன, அவ்வளவே. நார்ளீகர் தம் நூல்களுக்கு இட்ட பெயர்களிலும் இம்முறையைக் காணலாம். ‘யக்ஷர்களின் கொடை’, ‘விண்வெளியில் பஸ்மாசுரன்’, ‘வாமனன் திரும்பி வரவில்லை’ என்று பொருள்படும் பெயர்கள் அவை. பாட்டி சொன்ன கதைகளின் வாசல் வழியாகவே வாசகரை உள்ளே அழைக்கிறார். உள்ளே சென்றபின் காட்டுவது வேறு உலகம். தனக்கு வரம் கொடுத்தவனையே எரிக்கத் துணிந்த பஸ்மாசுரனைவிட, மனிதன் படைத்த பொறி மனிதனையே அழிக்க முற்படுவதற்குச் சிறந்த உவமை எங்கே கிடைக்கும்?

அவர் கதைகளுள் இரண்டு மூன்றையேனும் உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன். ஒரு கதை வலம்புரி விநாயகரைப் பற்றியது. விநாயகர் திருவுருவங்களில் துதிக்கை பெரும்பாலும் இடப்புறம் வளைந்திருக்கும். வலப்புறம் வளைந்த உருவம் அரியது. மகாராட்டிரத்தில் அதற்குத் தனிச் சிறப்புண்டு. இடப்புறத் துதிக்கை வலப்புறமாக மாறக் கூடுமா? மாறக் கூடும் என்பதற்கு நார்ளீகர் கணிதத்திலிருந்து ஒரு வழி காட்டுகிறார். நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். நீண்ட தாள் நாடா ஒன்றை எடுத்து, ஒரு முனையை அரைச் சுற்று முறுக்கி மற்ற முனையோடு ஒட்டுங்கள். இதற்கு மோபியஸ் நாடா என்று பெயர். அதற்கு ஒரே ஒரு பக்கந்தான் உண்டு. ஒளி ஊடுருவும் நாடாவாக இருந்து, அதில் தட்டையான ஓர் இடக்கை உருவத்தை நகர்த்திக்கொண்டே போனால், ஒரு முழுச் சுற்று முடிந்து பழைய இடத்துக்கு வரும்போது அது வலக்கையாகக் காணப்படும்! தட்டையான உருவத்துக்கு நாடாவில் நிகழ்வது, முழு உருவத்துக்கு முறுக்கப்பட்ட வெளியில் நிகழலாம் அல்லவா? பூசைக்குரிய விநாயகர் வடிவத்தை வைத்து வடிவக் கணிதத்தின் அரிய உண்மை ஒன்றைச் சொல்லிவிட்டார். அதில் நிந்தையும் இல்லை; உபதேசமும் இல்லை.

மற்றொன்று கங்காதர பந்தரின் பானிப்பட்டு. இதனைப் பதினோராம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் நம் நாட்டு மாணவர் பலர் படித்திருப்பர். 1761-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் பானிப்பட்டில் மராட்டியப் படை ஆப்கானியரிடம் தோற்றது. பேஷ்வாவின் மகன் விசுவாசராவ் குண்டு பட்டு வீழ்ந்ததும் படை கலங்கிற்று. மராட்டியர் நெஞ்சில் இன்றும் ஆறாத வடு அது. கதையில் வரும் வரலாற்றுப் பேராசிரியர் கங்காதர பந்தர் ஒருநாள் வேறொரு பம்பாயில் வந்து இறங்குகிறார். அங்கே கிழக்கிந்தியக் கம்பெனி இன்னும் கடை நடத்துகிறது! திகைத்துப் போய் நூலகத்துக்கு விரைந்து, வரலாற்று நூலைப் புரட்டுகிறார். குண்டு விசுவாசராவின் காதருகே உராய்ந்து சென்றுவிட்டது. மராட்டியர் வென்றனர் என்று அதில் எழுதியிருக்கிறது. அவ்வுலகில் வெள்ளையர் ஆதிக்கம் பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய ஊர்களின் சுற்றுப்புறத்தோடு நின்றுவிட்டது. பின்னர் தம் உலகுக்குத் திரும்பியவர் கண்டதெல்லாம் கனவு என்று நண்பர் நினைக்க, சட்டைப் பையிலிருந்து அந்நூலின் ஓர் ஏட்டை எடுத்து நீட்டுகிறார். எலெக்ட்ரான் எவ்வழியே செல்லும் என்பதைப் பௌதிகம் உறுதியாக முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒவ்வொரு வழிக்கும் ஓர் உலகம் இருக்கலாகுமோ என்று நண்பர் விளக்க முற்படுகிறார். வரலாற்று மாணவர்க்கும் பௌதிக மாணவர்க்கும் ஒரே கதை பொதுவாய் அமைவது அரிதினும் அரிது.

எனினும், எனக்கு மிகவும் பிடித்தது வால்மீன் கதையே. வங்காளத்து முதியவர் ஒருவர் தம் சிறு தொலைநோக்கியால் வால்மீன் ஒன்றைக் கண்டுபிடிக்கிறார். அது பூமியின்மேல் மோத வருகிறது என்று கணக்குக் கூறுகிறது. பல நாட்டு விஞ்ஞானிகள் இரகசியமாகக் கூடி, அணுகுண்டு ஏந்திய ராக்கெட்டை அனுப்பி அதன் பாதையைத் திருப்புகின்றனர். முதியவர் இந்த ஆலோசனைக்குச் சென்றிருந்த வேளையில், வீட்டில் அவர் மனைவி வால்மீனின் தோஷம் நீங்க யாகம் செய்விக்கிறார். பூமி பிழைத்தது. யாரால் பிழைத்தது? வீட்டாருக்கு ஐயமே இல்லை. சிரித்துக்கொண்டே படித்து வந்த வாசகர் கதை முடிந்ததும் தம் வீட்டைத் திரும்பிப் பார்க்கிறார். நூறு கண்டனக் கட்டுரைகள் செய்ய முடியாத வேலை இது.

கதைகளில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அவருடைய பாத்திரங்கள் பல வேளைகளில் மனிதராக வாழ்வதைவிட விளக்கம் தருவதிலேயே முனைந்து நிற்கின்றனர். கதை நடுவே வகுப்பு தொடங்கிவிடுகிறது. இலக்கியச் சுவையே கருதுவார் இதைப் பொறுக்க மாட்டார். ஆனால் 1975-இல் கராடில் கூடிய மராட்டி இலக்கிய மாநாட்டில், தலைமை தாங்கிய துர்கா பாகவத் அம்மையார் இப்புதிய கதை வகையைப் போற்றிப் பேசினார். ‘கிர்லோஸ்கர்’ முதலிய இதழ்கள் அவரிடம் கதை கேட்டு வாங்கின. விஞ்ஞானக் கதை என்றால் சிறுவர் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிய நிலை மாறத் தொடங்கிற்று.

கதையோடு அவர் நின்றுவிடவில்லை. வானத்தைப் பற்றி மராட்டியில் எளிய உரைநடையில் நூல்கள் எழுதினார். கூட்டம் முடிந்ததும் கையொப்பம் கேட்டுச் சூழும் சிறுவர்களிடம் அவர் ஏட்டில் ஒப்பமிட மறுப்பார். அஞ்சலட்டையில் ஒரு விஞ்ஞானக் கேள்வி எழுதி அனுப்பு; விடையெழுதிக் கீழே ஒப்பமிட்டு அனுப்புகிறேன் என்பார். சொன்னவாறே விடைகளும் எழுதினார். கையொப்பம் வேண்டுமென்றால் முதலில் ஒரு கேள்வி தோன்ற வேண்டும்! காசி வீட்டுக் கரும்பலகையைத் திருப்பி வைத்தாற்போல் இருக்கிறது இது. மக்களிடையே விஞ்ஞானம் பரப்பும் தொண்டுக்காக யுனெஸ்கோ அளிக்கும் கலிங்கப் பரிசு 1996-இல் அவருக்குக் கிடைத்தது.

புனே நகரில் 1988-இல் பல்கலைக் கழக மானியக் குழு வான நூலுக்கென ஒரு பொது மையத்தை நிறுவியபோது நார்ளீகரே அதன் முதல் இயக்குநர். 2003 வரை அப்பொறுப்பில் இருந்தார். தனியொரு பல்கலைக் கழகம் வாங்க இயலாத கருவிகளையும் நூல்களையும் நாட்டுப் பல்கலைக் கழகங்கள் எல்லாம் வந்து பயன்படுத்தலாம் என்பது ஏற்பாடு. சிறு கல்லூரி ஆசிரியரும் மாணவரும் ஆராய்ச்சி செய்ய அது வழி திறந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே அவ்வளாகத்தில் ஒரு விஞ்ஞான விளையாட்டுக்கூடமும் எழுந்தது. மராட்டியின் புகழ்மிக்க நகைச்சுவை எழுத்தாளர் பு. ல. தேஷ்பாண்டே குடும்பத்தாரின் நன்கொடையால் எழுந்த அக்கட்டடத்துக்குப் புலஸ்தியர் என்று பெயர். புலஸ்தியர் சப்தரிஷி மண்டலத்து விண்மீன், பு. ல. என்ற எழுத்துகளும் அப்பெயரில் ஒளிந்திருக்கின்றன.

2008-இல் அவர் செய்த ஒரு சோதனை மாணவர்கள் அறியத்தக்கது. சாதகம் பார்த்துப் பிள்ளையின் அறிவாற்றலைச் சொல்ல முடியும் என்பது சோதிடர் கூற்று. மறுத்து வாதிடுவதில் பயனில்லை. சோதித்துவிடலாம் என்றார் நார்ளீகர். நரேந்திர தாபோல்கர் நடத்திவந்த மூடநம்பிக்கை ஒழிப்புச் சங்கத்தின் துணையோடு, படிப்பில் சிறந்த 100 பிள்ளைகளின் சாதகங்களும், மனவளர்ச்சி குன்றிய 100 பிள்ளைகளின் சாதகங்களும் திரட்டப்பட்டன. அவற்றைக் கலந்து, சோதிடர் ஒவ்வொருவருக்கும் 40 சாதகங்கள் அனுப்பி, எது எவ்வகை என்று பிரித்துச் சொல்லக் கேட்டனர். முன்வந்தவர் 51 பேர். விடை அனுப்பியவர் 27 பேர். சராசரியாகப் பாதிக்குக் குறைவாகவே சரியாக இருந்தது. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் பாதி சரியாக வந்திருக்குமே! இச்சங்கத் தலைவர் தாபோல்கர் 2013-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் புனேயில் சுட்டுக் கொல்லப்பட்டார். பகுத்தறிவு பேசுவது நம் நாட்டில் எப்போதும் ஆபத்தற்ற பணியாக இருந்ததில்லை.

தம் துறையிலோ நார்ளீகர் இறுதிவரை சிறுபான்மையினரோடு நின்றார். விண்வெளி எங்கும் பரவியுள்ள நுண்ணலைக் கதிர்வீச்சு 1965-இல் அறிவிக்கப்பட்டபின் பெரும்பாலோர் பெரு வெடிப்புக் கொள்கையை ஏற்றனர். நார்ளீகர் ஏற்கவில்லை, 1993-இல் ஹாயில், பர்பிட்ஜ் ஆகியோருடன் சேர்ந்து பழைய கொள்கையைத் திருத்தி மீண்டும் வெளியிட்டார். சான்றுகளின் கனம் மறுபக்கமே சாய்ந்திருக்கிறது என்பதே இன்றைய வான நூலார் பெரும்பாலோரின் தீர்ப்பு. ஆயினும் மாற்றுக் கொள்கையைச் சோதிக்கத் தக்க வினாக்களை அவர் எழுப்பிக்கொண்டே இருந்தார். உயிரின் வித்து விண்ணிலிருந்து வந்திருக்கலாம் என்ற ஹாயிலின் கருத்தை ஆராய, ஐதராபாத்திலிருந்து பலூன்களை ஏவி, 41 கிலோமீட்டர் உயரம் வரை காற்றைப் பிடித்து வரச் செய்தார். 2005-இல் சென்ற பலூன் கொண்டுவந்த நுண்ணுயிர்களுள் மூன்று புதிய இனங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றுக்கு ஹாயிலின் பெயரே இடப்பட்டது. அவை விண்ணிலிருந்து வந்தவை என்று இதனால் மெய்ப்பிக்கப்படவில்லை.

மராட்டி இலக்கிய உலகம் அவரைத் தன்னவராகவே ஏற்றுக்கொண்டது. காசி, கேம்பிரிட்ஜ், பம்பாய், புனே ஆகிய நான்கு நகரங்களில் கழிந்த தம் வாழ்க்கையை அவர் மராட்டியில் எழுதினார். அந்நூலுக்கு 2014-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் நாசிக்கில் கூடிய தொண்ணூற்று நான்காம் மராட்டி இலக்கிய மாநாட்டுக்கு அவரையே தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். கவிஞரும் நாவலாசிரியரும் அமர்ந்துவந்த அவ்விருக்கைக்கு ஒரு விஞ்ஞானி தேர்ந்தெடுக்கப்பட்டது அதுவே முதல் முறை. உடல்நலம் குன்றியிருந்தமையால் அவரால் நாசிக்குக்குச் செல்ல இயலவில்லை. 2025-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் புனேயில் காலமானார். கதையைப் படியெடுத்துத் தந்த மங்களா அம்மையார் அவருக்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே, 2023-ஆம் ஆண்டு ஜூலையில், மறைந்துவிட்டிருந்தார்.